பொயிசனும் வெனமும்

பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலருக்கு இங்கிலீசு ரீச்சரைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். "அவா படிப்பிச்ச இங்கிலீசால அப்பாவைக் காப்பாத்தினவள் நீதானே, நீ எழுதாமல் வேற ஆர் எழுதிறது" என்று உங்களில் ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். காலைக் கூட்டத்தில் ரீச்சர் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி அந்தக் கதையைச் சொன்னதும், நீங்கள் எல்லாரும் கைதட்டியதும் எனக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்தக் கைதட்டலை உங்களிடமே திருப்பித் தந்துவிடலாம் என்று இருக்கிறேன். முழுவதையும் வாசித்துவிட்டு, பிறகும் விருப்பமிருந்தால் மலரில் போடுங்கள்.

பன்னிரண்டு வயதில், காலபோக நெற்செய்கை நேரம், நம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். பழைய சைக்கிள் ரியூப்பை மெல்லிய வளையங்களாக வெட்டிக் கையில் அடுக்கிக்கொண்டு வருவீர்கள். சிலருக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுப்பாக இருக்கும். வெயிலில் ரப்பர் சூடாகி ஒரு வாடை வரும், வகுப்பு முழுக்க அந்த வாடைதான். கையில் எத்தனை வளையமோ அத்தனை மதிப்பு. எங்கள் வீட்டில் சைக்கிள் இல்லை. நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. உருத்திரபுரத்துக்கு அப்பால், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்கிற கடைசி வாய்க்காலில், ஒரு துண்டு வயலும் தகரக் கூரை வீடும். அப்போது என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் மலர் அச்சுக்குப் போகாது.

நாலு நாள் வெறுங்கையோடு வந்தேன். ஐந்தாம் நாள் என் கையில் ஒரு வளையம் இருந்தது. ஒன்றே ஒன்றுதான், ஆனால் உங்களுடையதைவிடத் தடித்தது, உருண்டது, மினுங்கியது. யார் தந்தது என்று சுற்றி நின்று கேட்டீர்கள். கண்டியிலிருந்து மாமா அனுப்பினார் என்றேன். கண்டியில் எனக்கு மாமா யாரும் இல்லை.

அந்த வளையம் மருந்தடிக்கிற மெசினின் மூடிக்குள் இருந்தது. மெசினும் எங்களுடையது இல்லை. பக்கத்துக் காணிக்காரருடையது. அந்த வருடம் அறக்கொட்டியான் பூச்சி வயலுக்குள் இறங்கிவிட்டது, விட்டால் பத்து நாளில் பயிர் எரிந்த மாதிரி ஆகிவிடும் என்று அவராகத்தான் மெசினையும் அரைப் போத்தல் மருந்தையும் கொண்டுவந்து தந்தார். நல்ல மனிதர். எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதிரை தந்த முதல் ஆளும் அவர்தான். முதுகில் தூக்கிக்கொண்டு போகிற அந்தத் தகரக் கலத்தின் மூடியைச் சும்மா திருகிப் பார்த்தேன். உள்ளே வளையம் இருந்தது. விரலால் நெம்பினேன், வந்துவிட்டது. வாய்க்காலில் மண் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மூடி பிறகும் இறுகத்தான் செய்தது. அதனால் அந்த வளையத்துக்கு அங்கே வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ரீச்சர். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் ரீச்சர், முக்காடும் வெள்ளைச் சேலையும். ஒரே மாதிரி இருக்கிற இங்கிலீசுச் சொற்களைச் சோடி சோடியாக எழுதிப் போட்டு வித்தியாசம் கேட்பா. அந்தத் தவணைச் சோதனையில் பொயிசனுக்கும் வெனத்துக்கும் என்ன வித்தியாசம் என்று வந்தது. இரண்டும் நஞ்சு என்று எழுதி வைத்தேன். ரீச்சர் அடிக்கிற ஆள் இல்லை. கரும்பலகையில் ஒரு பக்கம் பாம்பும் மறு பக்கம் போத்தலும் கீறினா. "அது உன்னைத் தேடி வந்து கடிச்சால் வெனம். நீ அதைக் குடிச்சோ தொட்டோ உள்ளுக்கு எடுத்தால் பொயிசன்" என்று சொல்லி, இருபது தரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னா. அன்றிரவே எழுதி முடித்தேன். அதனால்தான் அந்தச் சோடி மட்டும் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மற்றவையெல்லாம் போய்விட்டன.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா விடியவே வயலுக்குப் போய்விட்டார். பத்து மணிபோல நான் தேத்தண்ணி கொண்டு போனேன். மெசினைச் சுமந்தபடி வரம்போரமாகக் குனிந்து குனிந்து அடித்துக்கொண்டிருந்தார். முதுகுச் சட்டை தொப்பலாக நனைந்து இடுப்புத் துணிவரை ஊறியிருந்தது. வியர்வை என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் மெசினை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு புள்ள என்றார். தேத்தண்ணியை வாங்கக் கை நீட்டினார், கை எட்டவில்லை. அப்படியே வரம்பில் சரிந்தார். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கன்னத்துச் சதை தானாகத் துடித்தது.

நான் கத்தியதில் பக்கத்துக் காணிக்காரர் ஓடி வந்தார். அப்பாவின் கணுக்காலுக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி இருந்தது. முதல் நாள் வேலி கட்டும்போது முள்ளுக்கம்பி குத்தியது. அம்மா மஞ்சள் வைத்துவிட்டதை நான் பார்த்தேன். காணிக்காரர் அதைப் பார்க்கவில்லை. "புடையன் பாம்புதான். கதிர் வாற நேரம் வயலுக்கை வேற என்ன கிடக்கும்" என்றார். அந்த வரம்பில் போன வருடம் புடையன் கடித்து ஒருவர் செத்திருந்தார். அவர் அப்படி நினைத்ததில் பிழை இல்லை. மருந்து என்று யாருக்கும் யோசனையே வரவில்லை. நம் ஊரில் அதற்கு நாங்கள் வைத்த பெயரே மருந்துதானே, அது ஆளைப் போட்டு விழுத்தும் என்று யார் நினைப்பார்கள்.

எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அந்தச் சட்டையிலிருந்து வந்த வாடை என் வளையத்தின் வாடை. மண் போட்டுத் தேய்த்தும் போகாத வாடை. வீட்டில் தெரியாமலிருக்க வளையத்தை முழங்கைக்கு மேலே ஏற்றிச் சட்டைக் கைக்குள் மறைத்திருந்தேன். அது அங்கே இறுக்கிக்கொண்டிருந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயைத் திறக்குமுன் காணிக்காரர் என்னைத் தோளில் பிடித்துத் திருப்பினார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாம்புக்கடிப் பரியாரியார் வீடு. தூது போகிற ஆள் எப்படிப் போகவேண்டும் என்று அவசரமாகச் சொன்னார். திரும்பிப் பார்க்கக் கூடாது, வழியில் யாரோடும் பேசக் கூடாது, அவர் கேட்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. தூது போனவரின் நிலையை வைத்துத்தான் பரியாரியார் கடியைக் கணிப்பார், எந்தக் கால் முன்னால், கை எங்கே, முதல் சொல் என்ன என்று பார்ப்பார், பிழையாக நின்றால் வைத்தியமே பிழையாகிவிடும் என்றார். ஓடினேன். பேசக் கூடாது என்று ஒருவர் கட்டளை போட்டதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த நிம்மதிக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பரியாரியார் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கி நிறுத்தினார். காலிலிருந்து தலைவரை அவசரப்படாமல் ஆறுதலாகப் பார்த்தார். மூச்சு வாங்க நின்ற எனக்கு, என் வலது கை இடது புயத்தைப் பொத்திப் பிடித்திருப்பது அவர் பார்வை அங்கே நின்ற பிறகுதான் தெரிந்தது.

"தூது வந்த பிள்ளை கையைப் பொத்திக்கொண்டு நிக்குது" என்றார். "நஞ்சு அங்கதான் கிடக்கு. கையிலயோ கடி?"

அவர் சட்டைக்குள் பார்த்துவிட்டார் என்றே நினைத்தேன். காலில என்றேன். அவர் நம்பாத மாதிரித் தலையை ஆட்டினார். என் கையைக் காட்டி, அதுக்குள்ள என்ன பிள்ளை என்று கேட்டார். ஒண்ணுமில்லிங்க என்றேன். சொல்லுவதற்கு எனக்குக் கிடைத்த முதல் இடம் அது. பன்னிரண்டு வயதுக்காரியின் தலைக்குள் என்ன ஓடியது தெரியுமா? அப்பா சாகப்போகிறார் என்பது ஒரு பக்கம் ஓடியது. மெசின் காணிக்காரருடையது, அதைப் பிய்த்தவள் நான், தெரிந்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் வேறு ஊருக்குப் போகச் சொல்வார்கள் என்பது மறு பக்கம் ஓடியது. இரண்டும் ஒரே பாரமாக இருந்தன.

நாங்கள் வயலுக்கு வரும்போது அம்மா வந்திருந்தாள். நனைந்த சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, மஞ்சள் தண்ணீரால் அப்பாவைக் கழுவித் தன் சேலையொன்றால் சுற்றியிருந்தாள். வாடை போய்விட்டது. மெசின் வரம்பில் கிடந்தது, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பரியாரியார் உறைப்புத் தெரிகிறதா என்று அப்பாவின் வாயில் மிளகு வைத்துப் பார்த்தார், புள்ளிகளை அழுத்திப் பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். கண்மணி கடுகளவுக்குச் சிறுத்திருந்தது. காணிக்காரர் மந்திரிக்கச் சொல்லி அவசரப்படுத்தினார். பரியாரியார் எழுந்து கையைத் துடைத்தார்.

"இது எனக்குப் பிடிபடேல்லை. மந்திரிச்சுக்கொண்டு நிண்டால் ஆள் போயிடும். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார்.

காணிக்காரரின் டிராக்டர்ப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அப்பாவைக் கிடத்தினார்கள். குண்டும் குழியுமான அந்த றோட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அப்பாவின் தலை அம்மாவின் மடியில் உருண்டது. அம்மா நாகதம்பிரானிடம் நேர்ந்துகொண்டே வந்தாள். ஆளை விட்டுவிடு, வருசா வருசம் பொங்கிப் பால் ஊற்றுகிறேன் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அவள் பாம்பைக் கும்பிடக் கும்பிட நான் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், அடுத்த வளைவில் சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டே போனேன். வளைவுகள் முடிந்து ஆசுப்பத்திரி வந்துவிட்டது.

டொக்டர் சின்ன வயது, சிங்களவர், தமிழ் நாலு சொல்தான் தெரியும். காணிக்காரர் கையை நெளித்து நெளித்துப் பாம்பு காட்டினார், காலிலிருந்த புள்ளிகளைக் காட்டினார். டொக்டர் தலையாட்டினார். கண்ணாடிக் குழாயொன்றில் அப்பாவின் இரத்தம் எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்தார். அது உறைகிறதா என்று பார்த்துத்தான் விசத்துக்கு ஊசி போடுவதாம், இருபது நிமிடம் பொறுக்கவேண்டுமாம். பக்கத்தில் நின்ற ஊழியர் சொன்னார்.

சுவரில் ஒரு மணிக்கூடு. அப்பாவின் மூச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் குறுகுறுத்தது. குழாயில் இரத்தம் அசையாமல் நின்றது. ஐந்து நிமிடம் போயிருக்கும். டொக்டர் வேறு நோயாளியிடம் போகத் திரும்பினார். அப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அந்த உதட்டைப் பார்த்ததும் எனக்குள் மற்றப் பயங்கள் எல்லாம் விழுந்துவிட்டன என்று சொல்ல ஆசைதான். உண்மை அது இல்லை. இவருக்கு இங்கிலீசில் சொன்னால் அம்மாவுக்கும் காணிக்காரருக்கும் விளங்காது என்று அந்த நேரம் எனக்கு வெளித்தது. அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"சேர். நொட் வெனம். பொயிசன்."

டொக்டர் திரும்பினார். என்ன என்று கேட்டார். மூடிக்கு, மெசினுக்கு, ஒழுகுவதற்கு இங்கிலீசில் என்ன என்று எனக்குத் தெரியாது. ரீச்சர் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. என் முதுகில் நானே தட்டிக் காட்டினேன், பொயிசன் வோட்டர் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. சட்டைக் கைக்குள் விரலை விட்டு அந்த வளையத்தைக் கழற்றினேன். வர மாட்டேன் என்றது, தோல் உரிய இழுத்தேன். அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டு போனார்.

அவ்வளவுதான். டோர்ச்சை எடுத்து அப்பாவின் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். பிறகு அந்த அறையில் எல்லாரும் ஓடினார்கள். எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கதவு மூடுமுன் அந்த வளையம் ஒரு வெள்ளித் தட்டில் பஞ்சுகளோடு கிடந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

வெளியே அம்மா என் முகத்தைப் பிடித்துத் தூக்கி, "என்னா புள்ள சொன்ன அவருகிட்ட?" என்று கேட்டாள்.

"பாம்புன்னு சொன்னேன்" என்றேன்.

கதை அங்கேதான் பிறந்தது. டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் நின்றபோது பிள்ளை இங்கிலீசில் பாம்பென்று சொன்னது, அவருக்கு உடனே விளங்கிவிட்டது என்று காணிக்காரர் ஊர் முழுக்கச் சொன்னார். டொக்டர் இங்கிலீசில் எழுதித் தந்த சீட்டை யாரும் வாசித்துப் பார்க்கவில்லை. அம்மாவின் கதை அதைவிடப் பெரியது. வீட்டில் பொட்டுத் தங்கம் இல்லையே என்று, கையில் கிடந்த ரப்பர் வளையலைக் கழற்றி டொக்டரிடம் கொடுத்து அப்பாவைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டாளாம் மகள், அதைக் கண்டுதான் அவர் மனம் இளகினாராம். இதை அம்மா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்தபோதும் பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்தாள். நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

ரீச்சரும் அப்படித்தான். காலைக் கூட்டம் முடிந்து நீங்கள் வகுப்புக்குப் போன பிறகு என்னை மறித்து, "பாம்பெண்டபடியால் வெனம் எண்டுதானே சரியாச் சொன்னனீ?" என்று கேட்டா. ஓம் ரீச்சர் என்றேன். நுனியில் அழிறப்பர் வைத்த பென்சில் ஒன்று பரிசாகத் தந்தா. அதைச் சீவ மனம் வராமல் வைத்திருந்தேன். பிறகு ஒரு இடப்பெயர்வில் அதுவும் போயிற்று. ரீச்சர் உயிரோடு இருக்கும்போதே அவாவிடம் சொல்லியிருக்க வேண்டும். தேடிப் போகவில்லை.

அப்பா எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. வந்தவர் உட்காரவில்லை. நேரே வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போய் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்து மூடியைத் திருகினார். உள்ளே விரலைவிட்டுச் சுற்றித் தடவினார். நான் கதவோரம் நின்றேன். அடி விழப்போகிறது என்று கையை இறுக்கிக்கொண்டு நின்றேன், விழுந்தால் நல்லது என்றும் இருந்தது. கத்தரிக்கோல எடு புள்ள என்றார். தன் பழைய செருப்பின் அடியிலிருந்து ரப்பரை வட்டமாக வெட்டினார். கை நடுங்கியதால் மூன்று தரம் பிழையாகி நாலாம் தரம் சரிவந்தது. மூடிக்குள் வைத்து, தண்ணீர் நிரப்பி, கலத்தைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு துளி சிந்தவில்லை. கொண்டு போய் காணிக்கார ஐயாகிட்ட குடுத்துட்டு வா என்றார். ஏதோ தேய்ந்து போயிருந்ததை மாற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வருடம் நேர்த்தியை நிறைவேற்ற நாகதம்பிரான் கோயிலுக்குப் போனோம். காணிக்காரரும் வந்தார், டிராக்டர் அவருடையதுதானே. அம்மா பொங்கிப் படைத்துவிட்டுப் புற்றுக்கு முன்னால் விழுந்து எழும்பி, உயிரை விட்டுத் தந்ததற்கு நன்றி சொன்னாள். காணிக்காரர் பக்கத்தில் நின்றவர்களுக்குப் புடையன் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பால் செம்பு என் கையில் இருந்தது. ஊற்றக் கை வரவில்லை. அப்பா பக்கத்தில் வந்து குந்தினார். செம்பின் அடியைத் தானும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா மனசார ஊத்து புள்ள" என்றார் மெதுவாக. "பாவம் அது. நம்ம பழிய தூக்கிக்கிட்டு நிக்கிது."

செம்பை விடாமலே அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் புற்றின் மேலேயே இருந்தது.

"வெள்ளக்கார தொர பங்களாவுல எட்டு வருசம் வேல பாத்தவன் நானு. ஆசுப்பத்திரியில எனக்குக் கண்ணுதான் தொறக்கல. காது கேட்டுச்சு. பாய்சன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா?"

யாருக்கும் விளங்காது என்று நம்பித்தான் அந்த மொழியில் சொன்னேன். யாருக்கு விளங்கக்கூடாது என்று அதிகம் பயந்தேனோ, அவர் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். ஒரு வருடம் முழுக்க என்னோடு ஒரே சட்டியில் சாப்பிட்டு, காணிக்காரர் புடையன் கதை சொல்லும் போதெல்லாம் ஓமுங்க, புடையன்தாங்க என்று தலையாட்டியிருக்கிறார். உன் பழி என்று சொல்லாமல் நம்ம பழி என்று சொன்னார். நாங்கள் இருவருமாகச் செம்பைச் சரித்தோம்.

அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. இந்த வருடமும் நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்குப் போனேன், பால் கொண்டு போனேன். கைதட்டியவர்கள் நீங்கள், உங்களில் யாருக்காவது அடுத்த வருடம் என்னோடு வந்து அந்தச் செம்பைப் பிடிக்க முடிந்தால் வாருங்கள்.